ஒரே ஒரு சின்னத் திருத்தம்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், இறந்து இத்தனை வருடம் ஆன பிறகும், "பிலோ, அந்த ரெண்டாவது எழுத்துல ஒரே ஒரு சின்னத் திருத்தம்" என்று எங்கிருந்தாவது குரல் கொடுப்பார். முன்னால் நிற்கும்போது அவர் எங்களுக்கு மாஸ்டர். முதுகைத் திருப்பினால் திருத்தம். "இன்னைக்கு திருத்தம் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் பாடகர் மாடிக்கு ஏறுவோம்.

எங்கள் கோயில் சிராங்கூன் ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. கோயில் என்றால் மாதா கோயில். கத்தோலிக்கத் தமிழர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான். எழுபதுகளின் கடைசியில், பள்ளிப் படிப்பை முடித்து ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக நுழைந்த வருடம், அங்கே பாடகர் குழுவிலும் சேர்ந்தேன். முதல் நாளே கையில் ஒரு பாட்டுத்தாள் கொடுத்தார்கள். அதில் பாட்டைத் தேட வேண்டியிருந்தது. ஐந்து கோட்டில் எழுதிய சுரக்குறிகளின் மேல் பென்சில் அடித்தல், அடித்தலின் மேல் சிவப்புப் பேனா, சிவப்பின் மேல் வெள்ளை மை, வெள்ளை மை காய்வதற்குள் மறுபடி பென்சில். ஓரத்தில் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டிய திசையில் ஒன்றுமில்லை.

பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா அக்காவிடம், "அக்கா, இது எங்க போகுது?" என்று கேட்டேன்.

"பின்பக்கம் போகுது. பின்பக்கத்துல 'முன்பக்கம் பார்'னு போட்டிருப்பார். பழகிடும் லா," என்றார்.

ஸ்டெல்லா அக்கா மாஸ்டரின் மனைவி. நன்றாகப் பழகியிருந்தார்.

மாஸ்டருக்கு எதையும் இருந்தபடி விடத் தெரியாது. சனிக்கிழமை மதியம் ஒத்திகை முடிந்ததும் பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரு சீனர் காப்பிக்கடைக்குப் போவோம். "அங்கிள், தே ஒண்ணு. இல்ல, கோப்பி. கோப்பி ஓ. வேண்டாம், பால் ஊத்துங்க. இல்ல அங்கிள், தேயே குடுங்க." கடைக்காரர் பல மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் மாஸ்டர் வாயைத் திறக்கும் முன்பே பாதி டீயும் பாதிக் காப்பியும் கலந்து மேசையில் டங்கென்று வைத்து, "சாம்!" என்றார். கலவை என்று அர்த்தம். மாஸ்டர் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்து, "நல்லாத்தான் இருக்கு அங்கிள். தே மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணலாம்" என்றார்.

அவருக்கு வேலை ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுப்பது. அங்கே அவர் ஒன்றையும் திருத்துவதில்லை என்று நாங்கள் எல்லோரும் தனித்தனியாக வேண்டிக்கொண்டோம்.

வீடு தோ பாயோவில். மூன்று அறை வீடு. கூடத்துச் சுவர்கள் நான்கும் நான்கு வகை நீலம். ஒரு சுவரை அடித்து முடித்ததும், "இன்னும் ஒரு பொட்டு வெளிச்சமா இருக்கலாம்" என்று அடுத்ததற்குப் புதிதாகக் கலந்திருக்கிறார். "என்னை மட்டும் ஒண்ணும் மாத்தாம விட்டிருக்கார், அதுவே பெரிசு" என்பார் ஸ்டெல்லா அக்கா. அவர் சொல்லும்போது அதில் அலுப்பு கொஞ்சமும், பெருமை மீதியுமாக இருக்கும்.

குழுவிலேயே அதிகம் அவதிப்பட்டவர் அந்தோணி அங்கிள். கனத்த குரல், கனத்த உடம்பு. ஆண் குரல்களில் ஆக அடியில் இருக்கும் வரியை அவர்தான் தாங்கினார். ஒரு ஞாயிறு பூசையில் ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது மாஸ்டர் மெல்லக் குனிந்து, அந்தோணி அங்கிள் கையில் பிடித்திருந்த தாளிலேயே பென்சிலால் எழுத ஆரம்பித்தார். அங்கிள் கையை இழுத்தார்.

"அசையாதீங்க அங்கிள், கோடு வளையுது."

"மாஸ்டர், அடுத்தது நான் பாடணும்."

"அதுக்குத்தானே எழுதுறேன்."

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், எண்பதுகளின் பின்பாதியில், கம்ப்யூட்டர் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் அக்கா மகன் மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போனான். போகும்போது தன் கம்ப்யூட்டரையும் பிரின்டரையும் இவர்கள் வீட்டில் விட்டுப்போனான். அதோடு கூட, சுரக்குறி எழுதி அச்சடிக்கிற ஒரு மென்பொருளும் ஃப்லாப்பி டிஸ்க்கில் இருந்தது. கோயில் கீபோர்டின் முதுகில் வட்டமாக ஒரு துளை இருக்கும். அது எதற்கென்று அதுவரை யாருக்கும் தெரியாது. அதற்குப் பெயர் மிடி என்றும், அதிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரில் செருகிக் கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் திரையில் கோட்டின் மேல் வந்து உட்காரும் என்றும் அந்தப் பையன் காட்டிவிட்டுப் போயிருந்தான்.

குழுவில் அன்று பண்டிகை. அந்தோணி அங்கிள் எங்களை எல்லாம் படிக்கட்டில் கூட்டி வைத்து மெதுவாகச் சொன்னார்: "புரியுதா? அச்சடிச்சுட்டா முடிஞ்சுது. அச்சுல வந்ததை யாராலயும் மாத்த முடியாது. பைபிள் மாதிரி."

ஆபீசில் நான் கம்ப்யூட்டரில் கடிதங்கள் அடித்துக்கொண்டிருந்ததால் மாஸ்டருக்கு உதவியாக என்னை அனுப்புவதென்று முடிவானது. உதவி என்று பெயர். போலீஸ் வேலை.

முதல் சனிக்கிழமை மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒத்திகை முடிந்து வீட்டுக்குத் தூக்கி வந்திருந்த கோயில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் டிக், டிக் என்று தாளம் போட்டது. அவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, எங்களுக்கெல்லாம் மனப்பாடமான ஒரு மாதா பாட்டை உருகி உருகி வாசித்தார். முடித்துக் கண்ணைத் திறந்தார். திரை முழுக்கச் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்த மாதிரி கறுப்பு எறும்பாக மொய்த்துக் கிடந்தது. அரைக்கால் அளவுச் சுரம், அதில் பாதி, அதிலும் பாதி, இடையிடையே கண்ணுக்குத் தெரியாத அளவு நிறுத்தங்கள்.

"இது யார் வாசிச்சது?"

"நீங்கதான் மாஸ்டர்."

"நான் நேராத்தானே வாசிச்சேன்?"

"தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடி போயிருக்கீங்க. அது அப்படியே எழுதிருச்சு."

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தனக்குப் பிடிக்காத சொந்தக்காரரிடம் பேசுவதுபோல், "கொஞ்சம்கூட விட்டுக்குடுக்காது போலிருக்கே" என்றார்.

வேறு வழி ஒன்று இருந்தது. ஒவ்வொரு சுரமாக ஏற்றுவது. நான் மவுஸைப் பிடித்து, திரையின் ஓரத்தில் கால் அளவா அரை அளவா என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பேன். அவர் கட்டையை அழுத்துவார். டொக் என்று ஒரு சுரம் கோட்டில் விழும். அடுத்தது. டொக். நான்கு குரல்களுக்கும் நான்கு வரி. ஒரு சரணம் ஏறுவதற்குள் வெயில் கூடத்தின் ஒரு நீலத்திலிருந்து அடுத்த நீலத்துக்குப் போய்விடும். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அச்சடித்த தாளில் சுரங்களுக்குக் கீழே பாட்டின் சொற்களை நான் பேனாவால் அசை பிரித்து எழுதினேன். அந்தப் பிரின்டர் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டுச் சீனப் பாட்டி துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பார். மாஸ்டர் அதற்கும் ஒருமுறை தலையாட்டி, "நல்ல தாளக்கட்டு" என்றார்.

ஒரு மாதத்தில் முதல் பாட்டு முடிந்தது. சுத்தமான தாள். அடித்தல் இல்லை, அம்பு இல்லை. ஒத்திகையில் அதைக் கையில் வாங்கிய அந்தோணி அங்கிள் முத்தமே கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு பிரகாசம்.

"பிலோ, இங்க வந்து பாரேன். இந்தச் சுரத்தை மவுஸால பிடிச்சு மேல இழுத்தா, போகுது!"

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்தது வந்தது.

"முழுப் பாட்டையும் ஒரு சுருதி எறக்கணும்னா ஒரே அழுத்து. ரப்பரே வேண்டாம். அழிச்ச அடையாளமே இல்ல. புதுசு மாதிரி வருது!"

அன்றிலிருந்து எங்களுக்கு ஒவ்வொரு வாரமும் புதுத்தாள். துளை போட்ட ஓரங்களைக் கிழித்துக் கிழித்துக் கோயில் மாடி முழுக்கக் காகித நாடா. முன்பாவது பழையது அடியில் தெரியும். எது மாறியது என்று கண்டுபிடிக்கலாம். இப்போது எல்லாத் தாளும் ஒரே மாதிரி, எல்லாமே சுத்தம், எல்லாமே வேறு. அந்தோணி அங்கிள் ஐந்தாறு தாளை விசிறிபோல் விரித்துப் பிடித்து, "மாஸ்டர், இதுல எதுதான் உண்மை?" என்று கேட்டார்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் மாஸ்டர் கை வைக்கவில்லை. ஒருநாள் அவர் நேராக வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஸ்டெல்லா அக்கா காப்பித் தட்டைக் கொண்டுவந்து, வைக்க இடமில்லாமல் கீபோர்டின் இடது ஓரத்தில் வைத்துவிட்டார். தட்டின் விளிம்பு ஒரு கட்டையை அழுத்தியபடியே இருந்தது. அது அப்படியே திரையில் ஏறி, அச்சில் ஏறி, அந்தோணி அங்கிளின் வரியில் பக்கம் நெடுக ஒரே நீண்ட சுரமாக நின்றது. அச்சில் இருந்ததால் அங்கிள் அதைப் பாடினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கும்வரை பிடித்தார். நாங்கள் பயந்துபோய் அவரையே பார்த்துக்கொண்டு பாடினோம். முடிந்ததும் மாஸ்டர் கையை இறக்காமல் நின்றார்.

"என்ன அழகா இருக்கு அங்கிள்! தம்பூரா மாதிரி. யார் எழுதினது?"

"உங்க வீட்டுக் காப்பித்தட்டு," என்றார் ஸ்டெல்லா அக்கா.

அது கடைசிவரை இருந்தது. அங்கிள் மட்டும் நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள அனுமதி பெற்றார்.

போலீஸ் வேலைக்குப் போன நான் கொஞ்சம் கொஞ்சமாக எதிரணிக்குப் போனது எப்படி என்று சொல்லவேண்டும். சனிக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, திரையைப் பார்த்து அவர் முணுமுணுப்பது காதில் விழும். "இந்த உச்சி ரோஸிக்கு எட்டாது. போன வாரமே தொண்டையைப் பிடிச்சுக்கிட்டா." டொக். "அங்கிள் பல்லு செட் புதுசு. இந்த இடத்துல 'ஈ'ன்னு நீட்டினா வழுக்கும்." டொக். "ஃபாதர் இங்க நம்ம கூடப் பாடுவார். ஆனா ரெண்டு தாளம் தள்ளித்தான் வருவார், பாவம். அவருக்கு இடம் விடுவோம்." டொக், டொக்.

யாரோ ஒருவர் ஒத்திகையில் ஒருமுறை முகம் சுளித்திருப்பார். அவ்வளவுதான். வாய் திறந்து எதுவும் சொல்லியிருக்கவேண்டியதில்லை. மாஸ்டர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஒருவருக்கு இறக்கினால் இன்னொருவருக்கு இடிக்கும். அதற்காக அடுத்த வாரம் இன்னொரு திருத்தம். முப்பது பேருக்கும் ஒரே சமயத்தில் பொருந்துகிற ஒரு பாட்டை அவர் தேடிக்கொண்டே இருந்தார். அப்படி ஒன்று இல்லை என்று சொல்ல நான் பல தடவை வாயெடுத்தேன். பிறகு அடுத்த சுரத்துக்கு அளவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் என் கல்யாணம் வந்தது.

குமார் எங்கள் கம்பெனிக் கப்பல்களில் மின்சார வேலை பார்த்தவர். இந்துக் குடும்பம், மார்சிலிங்கில் வீடு. அவருக்கு அப்பா இல்லை. அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருடம் ஆனது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: "மாதா கோயில்லயே நடக்கட்டும். ஆனா தாலி ஏறும்போது கெட்டிமேளம் கொட்டணும். கொட்டாத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்."

எங்கள் கோயிலில் தாலி கட்டுவது வழக்கம்தான். தவிலும் ஒருமுறை வந்திருக்கிறது. அந்த ஒருமுறையில் ஃபாதர் காதில் வைத்திருந்த கருவி கீச்சென்று அலறி, அவர் பீடத்தில் கையூன்றி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு தவில் என்ற சொல்லையே அவர் முன் யாரும் எடுப்பதில்லை.

விஷயத்தைக் கேட்ட மாஸ்டர் உடனே, "நான் பார்த்துக்கிறேன்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் மனதுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டேன்.

திட்டம் இதுதான். கீபோர்டில் மேளச் சத்தம் வரும் ஓர் அமைப்பு இருந்தது. அதில் அவர் கெட்டிமேளத்தை வாசித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பார். தாலி ஏறும் நேரம் ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் தானே கீபோர்டை வாசிக்கும். சத்தம் அளவாக இருக்கும். ஃபாதர் காதும் தப்பும், என் மாமியார் மனதும் குளிரும்.

"பிலோ, உங்க மாமியாருக்கு என்ன பிடிக்கும்?"

"அது தெரியாது மாஸ்டர். என்ன பிடிக்காதுன்னு வேணா சொல்றேன்."

"சொல்லு, அதுவும் உதவும்."

"நான்."

அவர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "அதுக்கு ஏத்த மாதிரிதான் பண்ணணும்" என்றார்.

பண்ணினார். வாரக்கணக்கில் பண்ணினார். டிக் டிக் தாளத்தோடு வாசித்தால் கெட்டிமேளம் தேசிய தின அணிவகுப்பு மாதிரி வந்தது. தாளத்தை நிறுத்திவிட்டு வாசித்தால் திரையில் மறுபடி கறுப்பு மொய்த்தது. "மொய்க்கட்டும், இதுக்கு அதுதான் சரி" என்று விட்டார். அதோடு நான் கோயிலுக்குள் நடந்து வருவதற்கென்று புதிதாக ஒரு பாட்டு. அதற்கு வாரத்துக்கு ஒரு தாள். கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை நான் கடைசிப் பிரதியை அச்சடித்தேன். ஃப்லாப்பியின் மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி, இனி அதில் எதுவும் எழுத முடியாதபடி செய்தேன்.

"மாஸ்டர், இதோட முடிஞ்சுது. இனிமே ஒரு சுரம் மாத்தினாலும் நான் ரெஜிஸ்ட்ரியில கையெழுத்தோட கல்யாணத்தை முடிச்சுக்குவேன். சத்தியமா."

"சரி பிலோ," என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவர் வீட்டில் அதே பாட்டு இன்னொரு ஃப்லாப்பியிலும் இருந்தது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலை குமாரின் நண்பர்கள் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் பாடகர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோயில் நிறைந்திருந்தது. வலது பக்கம் முதல் வரிசையில் என் மாமியார், அரக்கு நிறப் பட்டுச்சேலையில், கைக்குட்டையில் அட்சதையை முடிந்து பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்து வாசலில் காலெடுத்து வைத்தேன். மேலே பாட்டு ஆரம்பித்தது.

முதல் வரி அழகாக வந்தது. இரண்டாவது வரியில் பெண்கள் மேலே போனார்கள், ஆண்களில் பாதிப் பேர் கீழே போனார்கள், மீதிப் பேர் நின்றுவிட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. புதுத்தாள் பாதிப் பேருக்குத்தான் போயிருக்கிறது.

அப்பா என் காதருகே குனிந்து, "இது புது ஸ்டைலாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. நடங்க."

வேகமாக நடந்தோம். பாட்டு முடிவதற்கு வெகு முன்னாலேயே பீடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

பூசை நடந்தது. வாக்குறுதி கொடுத்தோம். ஃபாதர் தாலியை மந்திரித்துக் குமார் கையில் கொடுத்துத் தலையசைத்தார். குமார் தாலியை என் கழுத்துக்கு நேராகத் தூக்கினார். மேலே மாஸ்டர் பொத்தானை அழுத்தியிருக்கவேண்டும்.

ஒன்றுமில்லை.

குமார் கையைத் தூக்கியபடியே நின்றார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. மாமியாரின் முகவாய் ஒரு அங்குலம் மேலே போனதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு திடீரென்று ஆரம்பித்தது. ஆனால் மேளம் இல்லை. காலையில் யாரோ வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டியதில் கீபோர்டு மேளத்தை மறந்து எக்காளத்துக்குப் போயிருந்தது. மாஸ்டர் வாரக்கணக்கில் உருகி ஏற்றிய கெட்டிமேளம் முழுவதும் அடித்தொண்டை எக்காளமாக, பயந்து ஓடும் வாத்துக்கூட்டம்போல், குவாக் குவாக் என்று கோயில் முழுக்கப் பரவியது. குழந்தைகள் சிரித்தன. பெரியவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதற்குள் சிரிப்பும் வந்தது. எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது வாத்துகள் பட்டென்று நின்றன. மாஸ்டர் பிளக்கையே பிடுங்கிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். மேலே ஒரு கணம் அமைதி. அதற்கடுத்து மரத்தில் ஒரு பெரிய அடி. இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் மாடிக் கைப்பிடிப் பலகையில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் போய்த் தானும் தட்ட ஆரம்பித்தார். அந்தோணி அங்கிள் பெஞ்சைத் தட்டினார். பிறகு முப்பது பேரும் தட்டினார்கள், பலகையில், புத்தகத்தில், தூணில், ஒருவருக்கொருவர் பொருந்தாமல், வேகமாக, இன்னும் வேகமாக. தாள் ஒருவர் கையிலும் இல்லை. பழைய மரம் கிடுகிடுத்தது. மேலேயிருந்து தூசு விழுந்தது. ஃபாதர் மட்டும் எதுவும் நடக்காதவர்போல் புன்னகைத்துக்கொண்டு நின்றார். காதுக் கருவியைப் பூசைக்கு முன்பே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டிருக்கிறார்.

குமார் மூன்று முடிச்சும் போட்டார். என் தலைமேல் அரிசி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மாமியாரின் கைக்குட்டை காலியாக இருந்தது. முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விருந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில். வாழை இலை போட்டுப் பிரியாணி. நானும் குமாரும் மாலையோடு உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் சாப்பிடவில்லை. உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருக்க, கூடத்தின் ஓரத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். பிறகு துணிந்து, தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் முன்னால் போய் நின்றார். எங்களுக்கு எதிர் மேசைதான். எல்லாம் கேட்டது.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. கெட்டிமேளம் சரியா வரணும்னுதான் எல்லாம் பண்ணேன். கெடுத்துட்டேன்."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் பலகையைத் தட்டினதா?"

"ஆமாம்மா."

"உக்காருங்க தம்பி."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என் கல்யாணம் நேவல் பேஸ் கூலி லைன் வீட்டுல நடந்துச்சு," என்றார் மாமியார். "எங்கப்பாவுக்கு அங்க வெள்ளைக்காரன் கப்பல் தளத்துலதான் வேலை. அன்னைக்கு மழைன்னா மழை. மேளக்காரர் வர்ற லாரி வழியில நின்னுபோச்சு. நேரம் தப்புதுன்னு அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க தாம்பாளத்தையும் பலகைக் கட்டிலையும் தட்டினாங்க. அதுலதான் எனக்குத் தாலி ஏறிச்சு. என் மாமியார் சாகுறவரைக்கும் சொல்லிக் காட்டுனாங்க, பலகை தட்டிக் கொண்டாந்த மருமவள்னு. என் மவனுக்காவது முறையா மேளம் கொட்டணும்னு எத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அவர் காலிக் கைக்குட்டையை மடித்தார். "கடைசில அவனுக்கும் பலகைதான்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். குமார் என் கையைப் பிடித்தார். அப்போது என் மாமியார் சிரித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான்.

"ஆனா ஒண்ணு தம்பி," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க தட்டினது சரியில்ல."

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். "எந்த இடத்துலம்மா?"

"கடைசில. வேகம் மட்டும் போதுமா? அன்னைக்கு அவங்க தட்டுனது வேற. பாட்டோட சேர்த்துத் தட்டுவாங்க."

"என்ன பாட்டும்மா?"

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு இலையை ஒதுக்கிவிட்டு, மேசைமேல் விரல்களை வைத்து மெல்லத் தட்டினார். தட்டிக்கொண்டே பாடினார். மெல்லிய குரல், கொஞ்சம் கரகரப்பு, ஆனால் சுருதி அசையவில்லை. மாஸ்டர் சட்டைப்பையில் துழாவிப் பென்சிலை எடுத்தார். தாள் இல்லை. பக்கத்திலிருந்த காகிதக் கைத்துடைப்பானை விரித்து ஐந்து கோடு போட்டார்.

நான் குமாரிடம், "அத்தை பாடுவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்றேன்.

"எனக்கே இப்பதான் தெரியும்," என்றார். மாலையைக் கழற்றவும் மறந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கை கழுவிவிட்டு விடைபெற்றார்கள். ஸ்டெல்லா அக்கா ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து மாஸ்டர் பக்கத்தில் வைத்தார்; அவர் பார்க்கவில்லை. எழுதியதை விரல் வைத்து மெதுவாகப் பாடிக் காட்டினார்.

"தப்பு," என்றார் என் மாமியார்.

மாஸ்டர் அழித்தார். காகிதம் கிழிந்தது. புதிதாக ஒன்றை விரித்தார்.

"இந்த இடத்துல ஏறுதாம்மா, எறங்குதா?"

"எறங்கும். ஆனா ஒடனே எறங்காது. அவசரப்படாதீங்க தம்பி," என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி முதலிலிருந்து பாட ஆரம்பித்தார்.